டெஸ்ட் எல்லாம் பாஸ், ஆனாலும் "நிரூபித்துக் காட்டு" என்கிறார் கைடு: ஃபார்மல் வெரிஃபிகேஷனை எங்கிருந்து ஆரம்பிப்பது?

பாலக்கோடு மாணவன்

வணக்கம். தருமபுரி மாவட்டத்தில் ஓர் அரசுக் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் கடைசி வருஷம் படிக்கிறேன். வீடு பாலக்கோட்டுக்கும் மாரண்டஅள்ளிக்கும் நடுவில். தக்காளிதான் முக்கியப் பயிர், ஓரமாகக் கொஞ்சம் ராகி. போரில் 12.5 எச்பி சப்மெர்சிபிள் ஓடுகிறது. மூணு ஃபேஸ் கரண்ட் ராத்திரி எந்நேரம் வரும் என்று சொல்ல முடியாது. வந்ததும் அப்பா டார்ச்சை எடுத்துக்கொண்டு மோட்டார் ஷெட்டுக்கு நடப்பார். அதனால் மிஸ்டு கால் கொடுத்தால் மோட்டாரை ஸ்டார்-டெல்டாவில் (முதலில் ஸ்டார் இணைப்பில் குறைந்த கரண்டில் கிளப்பி, பிறகு டெல்டா இணைப்புக்கு மாற்றுவது) கிளப்பும் கன்ட்ரோலரையே புராஜெக்டாக எடுத்தேன். ஒரு அர்டுயினோ போர்டு, ஜிஎஸ்எம் மாட்யூல், காண்டாக்டர்களை (மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கும் பெரிய சுவிட்சுகள்) இழுக்க ரிலேக்கள், கரண்ட் போனாலும் போர்டு மட்டும் ஓடிக்கொண்டிருக்க ஒரு பேட்டரி.

முக்கியமான பகுதியைத் தமிழிலேயே எழுதுகிறேன். 1 என்றால் அந்தக் காண்டாக்டர் இழுக்கும், 0 என்றால் விடும். இன்டரப்ட் என்பது ஓடும் புரோகிராமை நடுவில் நிறுத்தி உள்ளே நுழையும் பகுதி:

டைமர் (8 செகண்ட்) முடிந்தால்:
— ஸ்டார் = 0
— 50 மில்லிசெகண்ட் நில்
— டெல்டா = 1

போன் கால் இன்டரப்ட் வந்தால்:
— டெல்டா = 0 என்றால் ஸ்டார் = 1, டைமரைக் கிளப்பு

முதலில் மேசையில் பல்பு வைத்துப் பார்த்தேன். பிறகு ஷெட்டிலேயே மாட்டி ஓட்டுகிறேன். ஒரு தடவைகூடச் சொதப்பவில்லை. ஆனால் ரிவ்யூவில் கைடு, "ஸ்டாரும் டெல்டாவும் ஒருபோதும் சேர்ந்து இழுக்காது என்று காட்டு. ஓட்டிக் காட்டாதே, நிரூபித்துக் காட்டு" என்றார். ஃபார்மல் வெரிஃபிகேஷன் என்று தேடிப் படிக்கச் சொன்னார். தேடினால் டெம்போரல் லாஜிக், மாடல் செக்கிங், சாட் சால்வர், தியரம் ப்ரூவர் என்று பெரிய காடாக இருக்கிறது.

இவ்வளவு ஓட்டிப் பார்த்த பிறகும் நிரூபணம் எதற்கு? இந்தத் துறையில் ஆராய்ச்சி செய்கிறவர்கள் நாள் முழுக்க என்னதான் செய்கிறார்கள்? எனக்கு இது பிடித்திருக்கிறது, மேலே படிக்கவும் ஆசை. டிஸ்க்ரீட் மேத்ஸை பரீட்சைக்காகத்தான் படித்தேன், ஆழம் போதாது. இங்கிருந்து எப்படி ஆரம்பிப்பது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஓசூர் பேனல் போர்டு

தம்பி, நான் சிப்காட்ல பேனல் வயரிங், பிஎல்சி வேலை பாக்கறேன். நிரூபணம் எல்லாம் எனக்குத் தெரியாது. ஆனா ஒண்ணு கண்டிப்பா சொல்வேன். ஸ்டாரும் டெல்டாவும் சேர்ந்து இழுத்தா மூணு ஃபேஸும் நேருக்கு நேர் ஷார்ட். மோட்டார் தப்பிச்சாலும் காண்டாக்டர் தப்பிக்காது, பக்கத்துல நிக்கிற ஆளும் ஜாக்கிரதையா இருக்கணும்.

அதனால ஸ்டார் காண்டாக்டரோட என்.சி. காண்டாக்டை (காண்டாக்டர் இழுக்காதப்போ மூடியிருக்கும், இழுத்தா திறந்துக்கும்) டெல்டா காயிலுக்கு சீரீஸ்ல போடு. டெல்டாவோட என்.சி.யை ஸ்டார் காயிலுக்குப் போடு. ஒண்ணு இழுத்திருந்தா இன்னொண்ணோட காயிலுக்குக் கரண்டே போகாது. காண்டாக்டர் நல்லதா இருந்தா, ஸ்டார் முனை உருகி ஒட்டிக்கிட்டாக்கூட அதோட என்.சி. திறந்தேதான் இருக்கும், டெல்டா இழுக்காது. மெக்கானிக்கல் இன்டர்லாக்கும் கிடைக்குது, அதையும் போட்டுடு. இதைப் பண்ணிட்டா உன் புரோகிராம்ல என்ன தப்பு இருந்தாலும் மோட்டார் பொழைச்சுக்கும்.

காவேரிப்பட்டணத்தான்

தம்பி, உன் கைடு கேட்டது சரியான கேள்வி. நான் பெங்களூரில் இதே துறையில் ஆராய்ச்சி செய்கிறேன், சொந்த ஊர் காவேரிப்பட்டணம். நம் பக்கத்துப் பிள்ளை ஒருவர் இதைக் கேட்கிறார் என்பதில் எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் ஓசூர் அண்ணன் சொன்ன இன்டர்லாக்கைப் போடு. அது இல்லாமல் அந்தப் போர்டை ஷெட்டில் வைக்காதே. ஆனால் அண்ணன் கடைசியாகச் சொன்னதை மட்டும் நான் ஏற்க மாட்டேன். தெராக்-25 என்று ஒரு புற்றுநோய்க் கதிர்வீச்சு இயந்திரம் இருந்தது. 1985 முதல் 1987 வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் 6 நோயாளிகள் அதில் அளவுக்கு மீறிய கதிர்வீச்சு வாங்கினார்கள், சிலர் இறந்தே போனார்கள். அதற்கு முந்தைய மாடலான தெராக்-20 சாஃப்ட்வேரிலும் அதே மாதிரித் தப்பு இருந்தது. அதில் ஹார்டுவேர் இன்டர்லாக் இருந்ததால் யாருக்கும் எதுவும் ஆகவில்லை, தப்பு இருப்பதும் வெளியே தெரியவில்லை. புது மாடலில் சாஃப்ட்வேர் பார்த்துக்கொள்ளும் என்று அந்த இன்டர்லாக்கை எடுத்துவிட்டார்கள். இன்டர்லாக் ஆளைக் காப்பாற்றும், ஆனால் உள்ளே இருக்கும் தப்பைக் காட்டிக் கொடுக்காது. காட்டிக் கொடுக்க வேறு வேலை செய்ய வேண்டும்.

இப்போது உன் புரோகிராம். அதில் தப்பு இருக்கிறது. ஒரு மாடல் செக்கரிடம் கொடுத்தால் இப்படித்தான் எழுதித் தரும்:

1. ஸ்டார் 1, டெல்டா 0, டைமர் ஓடுகிறது.
2. டைமர் முடிகிறது. ஸ்டார் 0. இன்னும் 50 மில்லிசெகண்ட் நிற்க வேண்டும்.
3. அந்த இடைவெளியில் இன்னொரு கால் வருகிறது. இன்டரப்ட் உள்ளே நுழைந்து "டெல்டா 0 தானே?" என்று பார்க்கிறது. ஆமாம், 0 தான்.
4. ஸ்டார் 1.
5. இன்டரப்ட் முடிந்து புரோகிராம் விட்ட இடத்துக்கே திரும்புகிறது. டெல்டா 1.

இரண்டும் சேர்ந்து இழுத்தாயிற்று. தண்ணீர் வரவில்லையே என்று அப்பா இரண்டாவது மிஸ்டு கால் கொடுத்தால் போதும், அது சரியாக அந்த 50 மில்லிசெகண்டுக்குள் விழ வேண்டும், அவ்வளவுதான். நீ எத்தனை நாள் ஓட்டினாலும் அந்தச் சந்தில் கால் விழாமலே போகலாம். இந்த மாதிரி நேரம் சம்பந்தப்பட்ட தப்புகள் டெஸ்டில் சிக்காமல் ஊருக்குள் போன பிறகு சிக்குவது இதனால்தான். டெஸ்ட், நடந்த ஓட்டங்களைப் பற்றி மட்டும் பேசும். மாடல் செக்கர், நடக்கக்கூடிய ஒவ்வொரு வரிசையையும் எடுத்துப் பார்க்கும். தப்பு இருந்தால் மேலே உள்ளது போல் ஒவ்வொரு படியாக வழியைக் கையில் கொடுக்கும். அதற்குக் கவுன்டர் எக்ஸாம்பிள் என்று பெயர். இந்தத் துறையில் எனக்கு மிகப் பிடித்த பொருள் அதுதான். இத்தனை வருஷம் பார்த்தும் ஒரு நல்ல கவுன்டர் எக்ஸாம்பிள் திரையில் வந்தால் இன்றும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன்.

எட்மண்ட் கிளார்க்கும் ஆலன் எமர்சனும் அமெரிக்காவில், ஜோசப் சிஃபாகிஸ் பிரான்சில், 1980-களின் தொடக்கத்தில் இந்த வழியைக் கண்டார்கள். கம்ப்யூட்டர் துறையின் மிகப் பெரிய விருதான டியூரிங் விருது, 2007-க்கானது, மூவருக்கும் இதற்காகவே கிடைத்தது. நீ ஆரம்பிக்க நியூஎஸ்எம்வி அல்லது ஸ்பின் என்ற மாடல் செக்கர் போதும். இரண்டுமே இலவசம், சாதாரண லேப்டாப்பில் ஓடும்.

அடுத்தது, என்ன வேண்டும் என்பதை எழுதுவது. "இரண்டும் சேர்ந்து இழுக்கவே கூடாது" என்பது சேஃப்டி. இதை மட்டும் எழுதினால், மோட்டாரைக் கிளப்பவே கிளப்பாத ஒரு புரோகிராமும் பாஸ் ஆகிவிடும்! அதனால் "மூணு ஃபேஸும் இருந்து, போரில் தண்ணீரும் இருந்து, கால் வந்தால், எப்போதாவது டெல்டா இழுத்தே தீர வேண்டும்" என்று இன்னொன்று எழுத வேண்டும். இது லைவ்னஸ். "எப்போதும்", "எப்போதாவது" என்ற இந்த இரண்டு சொற்களையும் கணக்காக எழுதத்தான் டெம்போரல் லாஜிக். அதைப் புரோகிராம்களுக்குக் கொண்டுவந்தவர் அமீர் ப்னுவேலி, 1977-இல்.

லைவ்னஸைக் கொடுத்ததும் கருவி உனக்கு ஒரு வட்டத்தைக் காட்டும். கால் வருகிறது, ஸ்டார் இழுக்கிறது, கரண்ட் போகிறது, மறுபடி வருகிறது, ஸ்டார் இழுக்கிறது, மறுபடி போகிறது, முடிவே இல்லாமல். நம் பக்கத்து ஈபி லைனைப் பார்த்தவனுக்கு இது புதிதில்லை. இதை உன் புரோகிராமால் தடுக்க முடியாது. ஆகவே "கரண்ட் ஒரு கட்டத்துக்குப் பிறகு நிலையாக நிற்கும்" என்ற அனுமானத்தை வெளிப்படையாக எழுதிச் சேர்க்க வேண்டும். நிரூபணம் என்றால் சந்தேகமே இல்லாத ஒன்று என்று பலர் நினைக்கிறார்கள். எந்தெந்த அனுமானத்தின் மேல் நிற்கிறது என்று பெயர் சொல்லி எழுதப்பட்ட ஒன்று என்பதே சரி. ரிப்போர்ட்டில் அந்த அனுமானங்களைத் தனிப் பக்கமாகப் போடு. கைடு முதலில் அதைத்தான் படிப்பார்.

இப்போது ஆராய்ச்சியின் மையத்துக்கு வருகிறேன். உன் புரோகிராமைத் திருத்த, இன்டரப்ட் ஸ்டாரைத் தொடவே கூடாது என்று வை. "கால் வந்தது" என்ற ஒரு கொடியை மட்டும் ஏற்றட்டும். மற்றதெல்லாம் மெயின் லூப் முடிவு செய்யட்டும். இது சரி என்று எப்படி நிரூபிப்பது? நாம் நிரூபிக்க வேண்டிய வரியை, இங்கே "இரண்டும் சேராது" என்பதை, பண்பு என்போம். தொடக்க நிலையில் பண்பு உண்மை, எந்த நிலையில் உண்மையோ அங்கிருந்து ஒரு படி நகர்ந்தாலும் உண்மை என்று காட்டினால் போதும். பள்ளியில் படித்த அதே கணிதத் தொகுத்தறிதல்தான்.

ஆனால் செய்து பார்த்தால் மாட்டும். "50 மில்லிசெகண்ட் இடைவெளியில் நிற்கிறது, ஸ்டார் 1, டெல்டா 0" என்ற நிலையை எடுத்துக்கொள். பண்பு இங்கே உண்மை. ஒரு படி நகர்ந்தால் டெல்டா 1, பண்பு உடைந்தது. உன் புரோகிராம் இந்த நிலைக்கு வரவே வராது, இடைவெளிக்குள் நுழையும்போதே ஸ்டார் 0 ஆகிவிடுகிறது. ஆனால் கருவிக்கு அது தெரியாது. நீ சொல்ல வேண்டும்: "இடைவெளியில் நிற்கும்போது ஸ்டார் 0." இதைச் சேர்த்தால் அந்தப் படி நிரூபணமாகிவிடும். மொத்தமும் முடிய இதேபோல் இன்னொரு வரி தேவைப்படும். அதைச் சொல்ல மாட்டேன், நீயே காகிதத்தில் போட்டுக் கண்டுபிடி.

இப்படிச் சேர்க்கும் வரிகளுக்கு இண்டக்டிவ் இன்வேரியன்ட் என்று பெயர். உன் புரோகிராமுக்கு இரண்டு வரி. ஒரு சிப்புக்கோ ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கோ அவை ஆயிரக்கணக்கில் தேவைப்படும். ஆஸ்திரேலியாவில் செல்-4 என்ற கெர்னலை (ஆபரேட்டிங் சிஸ்டத்தின் உள்மையம்) 2009-இல் முழுவதுமாக நிரூபித்தார்கள். சி மொழியில் ஏறக்குறைய 8,700 வரிகள்தான். நிரூபணம் 2 லட்சம் வரிகள். அந்த இன்வேரியன்ட் வரிகளை மனிதன் எழுதாமல் கருவியே கண்டுபிடிக்க வைப்பது எப்படி? எங்கள் வேலையின் பெரும்பகுதி இந்த ஒரு கேள்விதான். 2011-இல் ஆரன் பிராட்லி ஐசி-3 என்ற முறையைக் கொண்டுவந்தார். நான் மேலே காட்டியது போன்ற "வர முடியாத நிலை" ஒன்று குறுக்கே வந்தால், அதையே பிடித்து, அதோடு அதன் உறவுக்காரர்களையும் சேர்த்து ஒரே வரியால் விலக்கப் பார்க்கும். இன்று சிப் வெரிஃபிகேஷன் கருவிகளில் இந்த வழி சர்வசாதாரணம்.

இதற்கெல்லாம் அடியில் ஓடும் இன்ஜின் சாட் சால்வர். ஆம்-இல்லை மாறிகளால் ஆன ஒரு கூற்றை உண்மையாக்க வழி உண்டா என்று தேடும் கருவி அது. பண்பின் எதிர்மறையை எடுத்து, "இது உண்மையாக ஏதாவது வழி உண்டா?" என்று கேட்கிறோம். உண்டு என்றால் அந்த விடைதான் கவுன்டர் எக்ஸாம்பிள். இல்லை என்றால் பண்பு நிரூபணம். 1971-இல் ஸ்டீபன் குக் இந்தச் சாட் கணக்கு எவ்வளவு கடினம் என்று காட்டினார். 20 ஆம்-இல்லை மாறிகள் என்றால் 10,48,576 சேர்க்கைகள். 100 மாறிகளின் சேர்க்கைகளை ஒவ்வொன்றாகப் பார்க்க உலகில் எந்தக் கம்ப்யூட்டராலும் ஆகாது. ஆனாலும் இன்றைய சால்வர்கள் லட்சக்கணக்கான மாறிகள் உள்ள கணக்குகள் பலவற்றை முடித்துத் தருகின்றன. திருப்பம் 1996-இல், மார்க்கஸ்-சில்வாவும் சகல்லாவும் செய்த கிராஸ்ப் சால்வரில் வந்தது. அஞ்செட்டிக் காட்டில் வழி தேடுகிறவன் முட்டுப்பாதையில் மாட்டினால் கடைசித் திருப்பத்துக்குத் திரும்புவான், அது பழைய முறை. உண்மையில் எந்தத் திருப்பம் கெடுத்ததோ அங்கேயே நேராகப் போய், "இந்தப் பக்கம் இனி வேண்டாம்" என்று மரத்தில் குறி போட்டுவிட்டு வருவது கிராஸ்ப் முறை. அந்தக் குறிக்குக் கிளாஸ் லேர்னிங் என்று பெயர். எண், அரே எல்லாம் சேர்ந்தால் எஸ்எம்டி சால்வர். அதில் 2008-இல் வந்த இசட்-3 தான் இன்று அதிகம் புழங்குவது.

நாள் முழுக்க என்ன செய்கிறோம் என்று கேட்டாய். என் நாளில் பாதி, கருவி "தெரியவில்லை" என்று நின்ற இடத்தில் ஏன் நின்றது என்று பார்ப்பதில் போகும். எல்லாப் புரோகிராமுக்கும் ஆம்-இல்லை சொல்லும் ஒரே கருவி இருக்கவே முடியாது, அது டியூரிங் 1936-இல் காட்டியதிலிருந்தே வருகிறது. ஆகவே எங்கோ விட்டுக்கொடுக்க வேண்டும். மாடலைச் சுருக்கலாம், மனிதனிடம் ஒரு வரி கேட்கலாம், அல்லது இத்தனை படி வரைதான் பார்த்தேன் என்று ஒப்புக்கொள்ளலாம். எங்கே விட்டுக்கொடுப்பது என்பதில்தான் ஆராய்ச்சியாளரின் ருசி தெரியும். மீதி நேரம் கரும்பலகை முன்னால், மாணவர்களோடு, நிரூபணம் எங்கே ஓட்டை என்று தேடுவதில்.

நம் ஆட்கள் இதில் இல்லையோ என்று நினைக்காதே. நடராஜன் சங்கர் ஐஐடி மெட்ராஸில் படித்துவிட்டு அமெரிக்காவில் ஆஸ்டின் பல்கலைக்கழகத்துக்குப் போனவர். கோடலின் முழுமையின்மைத் தேற்றத்தைக் கம்ப்யூட்டர் ஒவ்வொரு படியாகச் சரிபார்க்கும்படி நிரூபித்து 1986-இல் டாக்டர் பட்டம் வாங்கினார். பிறகு எஸ்ஆர்ஐ என்ற அமெரிக்க ஆராய்ச்சி நிறுவனத்தில் சாம் ஓவ்ரி, ஜான் ரஷ்பியோடு சேர்ந்து பிவிஎஸ் என்ற ப்ரூவரை (நிரூபணம் எழுதிச் சரிபார்க்கும் கருவி) கட்டினார். நாசாவில் விமானங்கள் ஒன்றோடொன்று மோதாமலிருக்கும் கணக்குகளை நிரூபிக்க அது பயன்படுகிறது. 2012-இல் இந்தத் துறையின் முக்கிய மாநாடு தரும் சிஏவி விருது இந்த மூவருக்கும்தான்.

கிருஷ்ணகிரி டெவலப்பர்

நல்ல பதில் அண்ணா. ஒரு சந்தேகம். இப்போது ஏஐ-யே கோடு எழுதுகிறது, நாளைக்கு அதுவே சரிபார்த்தும் கொள்ளும். இந்த நேரத்தில் ஒரு மாணவன் இதில் இறங்கலாமா? வேலை கிடைக்குமா?

காவேரிப்பட்டணத்தான்

இறங்கலாம், முன்பைவிட இப்போது இன்னும் தைரியமாக. கோடு எழுதியது யார் என்று நிரூபணம் கேட்பதில்லை. மனிதன் படித்துப் பார்க்க முடியாத அளவுக்குக் கோடு குவியும்போது, சரிபார்க்கும் கருவியின் தேவை கூடத்தான் செய்யும். 2024-இல் சர்வதேசக் கணித ஒலிம்பியாட் கணக்குகள் சிலவற்றை ஆல்ஃபாப்ரூஃப் என்ற ஏஐ தீர்த்தபோது, அது விடையை லீன் என்ற நிரூபண மொழியில் எழுதியது. லீனின் கெர்னல் என்ற சின்ன சரிபார்ப்புப் பகுதி ஒவ்வொரு படியையும் சரிபார்த்தது. ஏஐ சொன்னது என்பதற்காக யாரும் நம்ப வேண்டியிருக்கவில்லை. தவிர, என்ன வேண்டும் என்று எழுதுவது யார்? மோட்டாரில் ஸ்டாரும் டெல்டாவும் சேரக் கூடாது என்று ஓசூர் அண்ணனுக்குத்தான் தெரிந்தது.

வேலையைப் பொறுத்தவரை, ஓசூர் தாண்டினால் பெங்களூர். அங்கே சிப் கம்பெனிகளில் ஃபார்மல் வெரிஃபிகேஷன் இன்ஜினியர் என்றே பதவி உண்டு. 1994-இல் பென்டியம் சிப்பில் வகுத்தல் தப்பாக வந்தது. 1,066 இடங்கள் நிரப்ப வேண்டிய அட்டவணையில் 5 இடம் விட்டுப்போயிருந்தது. 41,95,835-ஐ 31,45,727-ஆல் வகுத்தால் 1.33382 வர வேண்டும், 1.33374 வந்தது. இன்டெலுக்குச் செலவு 47.5 கோடி டாலர். அதற்குப் பிறகு சிப் உலகம் இந்த நிரூபணங்களைத் தள்ளிவைக்கவே இல்லை.

அரூர் டு சிறுசேரி

நான் அரூர். இப்போ சென்னை மேத்தமேட்டிகல் இன்ஸ்டிட்யூட்ல எம்எஸ்சி கம்ப்யூட்டர் சயின்ஸ். பாலக்கோடு தம்பிக்குப் படிப்புப் பக்கம் மட்டும் சொல்றேன்.

டிஸ்க்ரீட் மேத்ஸ் போதாதுன்னு பயப்படாதீங்க. ஆனா தள்ளியும் போடாதீங்க. எங்க நுழைவுத் தேர்வுல லாஜிக், ஆட்டோமேட்டா, கிராஃப், அல்காரிதம் இதெல்லாம்தான் வரும். எந்த மொழியில கோடு அடிப்பீங்கன்னு கேக்க மாட்டாங்க, ஏன் இது சரின்னு எழுதச் சொல்வாங்க. நான் தமிழ் மீடியம். எனக்கு முதல்ல கஷ்டமா இருந்தது பாடம் இல்ல, நிரூபணத்தை முழு வாக்கியமா எழுதுற பழக்கம். தினமும் ஒரு சின்ன கணக்கு, கடைசி வரி வரைக்கும் எழுதிப் பழகினா வந்துடும்.

என்பிடெல்-னு இலவச ஆன்லைன் பாடத் தளத்துல எங்க பேராசிரியர் பி. ஸ்ரீவத்சன் நடத்தின மாடல் செக்கிங் பாடம் இருக்கு. நியூஎஸ்எம்வி-யும் அதுலயே காட்டுவாங்க. அண்ணன் சொன்ன சேஃப்டி, லைவ்னஸ் எல்லாம் படம் போட்டு வரும். டைம்டு ஆட்டோமேட்டான்னு ஒண்ணு இருக்கு, அதையும் விட்டுடாதீங்க. உங்க 8 செகண்ட், 50 மில்லிசெகண்ட் எல்லாத்தையும் அப்படியே எழுதலாம். ராஜீவ் ஆலூரும் டேவிட் டில்லும் கொண்டு வந்தது, அதுக்கு உப்பால்னு கருவியும் இருக்கு. எங்க பேராசிரியர் மாதவன் முகுந்தும் இந்தப் பக்கத்துல ஆராய்ச்சி பண்றவர்தான். தரமணியில ஐஎம்எஸ்சி-ன்னு கணித அறிவியல் நிறுவனம் இருக்கு, அங்க பிஎச்டி-க்கு ஜெஸ்ட் தேர்வுல தியரட்டிகல் கம்ப்யூட்டர் சயின்ஸ் தாள் எழுதணும். இந்தியாவுலயே சாட்-எஸ்எம்டி பள்ளின்னு ஒண்ணு நடத்துறாங்க, அதுக்கும் விண்ணப்பிச்சுப் பாருங்க.

பொண்ணுங்க யாராவது இதைப் படிச்சா, ஹாஸ்டல், பயணம் பத்தி என்ன வேணும்னாலும் இங்கயே கேளுங்க, சொல்றேன்.

பாலக்கோடு மாணவன்

எல்லோருக்கும் நன்றி. ஓசூர் அண்ணா, என்.சி. இன்டர்லாக் போட்டாச்சு. வயர்மேன் அண்ணன் ஒருவர் வந்து சரிபார்த்தார்.

காவேரிப்பட்டணம் அண்ணா, நியூஎஸ்எம்வி-யில் என் பழைய புரோகிராமை எழுதினேன். நீங்கள் எழுதிய அதே 5 படி அப்படியே திரையில் வந்தது. கை நடுங்கிவிட்டது. அந்த போர்டு ஷெட்டில்தான் மாட்டியிருந்தது. அப்பாவுக்கு அந்தப் படிகளைப் படித்துக் காட்டினேன். "கால் பண்ணிட்டு உடனே மறுபடி பண்றவன் நான்தானே" என்றார்.

கொடி வைத்துத் திருத்திய புரோகிராம் பாஸ். விட்டுவைத்த இன்னொரு வரியும் கிடைத்தது என்று நினைக்கிறேன்: "ஓய்வில் நிற்கும்போது டெல்டா 0." அது இல்லாவிட்டால், ஓய்வு நிலை, டெல்டா 1, ஸ்டார் 0 என்ற நிலையிலிருந்து கால் வந்து ஸ்டார் 1 ஆகிவிடுகிறது. மோட்டாரை நிறுத்தும் இடத்தில் டெல்டாவை 0 ஆக்கிவிட்டுத்தான் ஓய்வுக்குப் போகிறேன், அதனால் அந்த நிலை வராது. சரியா?

இன்னொன்று. டைமரை மாடலில் எப்படி வைப்பது? அர்டுயினோவில் மில்லிசெகண்ட் எண்ணும் கவுன்டர் 32 பிட். அதை அப்படியே எழுதினேன், கருவி வெகுநேரம் ஓடிக்கொண்டே இருந்தது, நிறுத்திவிட்டேன்.

அரூர் அக்கா, பாடத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டேன். சந்தேகங்களைத் தனியாகக் கேட்கிறேன்.

காவேரிப்பட்டணத்தான்

சரி, மிகச் சரி. கைடிடம் இரண்டு வரிகளையும், ஒவ்வொன்றும் இல்லாவிட்டால் எந்த நிலை குறுக்கே வருகிறது என்பதையும் எழுதிக் காட்டு. அதுதான் நிரூபணத்தின் உயிர், "பாஸ்" என்ற சொல்லைவிட அவருக்கு அது பிடிக்கும்.

டைமருக்கு வருவோம். 32 பிட் என்றால் 429 கோடிக்கு மேல் மதிப்புகள். மாடலில் அத்தனையும் வேண்டாம். ஸ்டார்-டெல்டா பண்புக்கு எத்தனை மில்லிசெகண்ட் என்பது முக்கியமே இல்லை. "டைமர் ஓடுகிறது", "முடிந்தது" என்று இரண்டே நிலை வை, எப்போது முடியும் என்பதைக் கருவியின் இஷ்டத்துக்கு விடு. எந்த நேரத்தில் முடிந்தாலும் பண்பு நிற்கிறது என்றால் 8 செகண்டில் முடிந்தாலும் நிற்கும். நான் முன்பு சொன்ன மாடலைச் சுருக்குவது இதுதான், அப்ஸ்ட்ராக்ஷன் என்போம்.

ஆனால் அந்த 32 பிட்டை மறந்துவிடாதே. சுருக்கிய மாடலில் அது மறைந்துவிடும், நிஜ போர்டில் இருக்கும். அந்தக் கவுன்டர் ஏறக்குறைய 49.7 நாளில் நிரம்பி 0-க்குத் திரும்பும். உனக்குப் பேட்டரி இருப்பதால் கரண்ட் போனாலும் அது ஓடிக்கொண்டே இருக்கும். புரோகிராமில் "இப்போது > தொடக்கம் + 8000" என்று எழுதியிருக்கிறாயா, பார். அது நிரம்பும் நேரத்துக்குச் சற்று முன் கால் வந்தால், தொடக்கம் + 8000 சுற்றிக்கொண்டு சின்ன எண்ணாகிவிடும், இப்போது என்பது பெரிய எண். நிபந்தனை உடனே உண்மை. ஸ்டாரில் நிற்க வேண்டிய 8 செகண்ட் நிற்காமல் நேராக டெல்டாவுக்குப் போய்விடும், 12.5 எச்பி மோட்டார் முழுக் கரண்டை இழுத்துக்கொண்டு கிளம்பும்.

இதே இனத்துத் தப்பு ஜாவா நூலகத்தின் பைனரி சர்ச்சிலேயே ஒன்பது வருஷம்போலக் கிடந்தது. ஜோஷுவா பிளாக் 2006-இல் அதை எழுதினார். இரண்டு எண்களைக் கூட்டி இரண்டால் வகுக்கும் ஒரு வரி. எண்களுக்கு எல்லை இல்லை என்றால் அது சரி, 32 பிட்டில் கூட்டல் நிரம்பி வழிந்துவிட்டது.

நீ "இப்போது - தொடக்கம் > 8000" என்று, குறி இல்லாத எண்களில் எழுது. கழித்தல் சுற்றிக்கொண்டாலும் விடை சரியாக வரும். நான் சொன்னேன் என்று நம்பவும் வேண்டாம். சிபிஎம்சி என்ற கருவி சி கோடையே நேரடியாக எடுத்துக்கொள்ளும், 32 பிட்டை 32 பிட்டாகவே பார்க்கும். அந்த ஒரு ஃபங்ஷனைத் தனியாகப் பிரித்து, தொடக்கத்துக்கு எந்த மதிப்பும் வரலாம் என்று விட்டு, "8000-க்கு முன்னால் டெல்டா இழுக்கக் கூடாது" என்று ஒரு அசெர்ட் (கருவி சரிபார்க்க வேண்டிய நிபந்தனை) போட்டு, இரண்டு விதமாகவும் ஓட்டு. பழைய வடிவத்துக்கு அது கொடுக்கும் எண்ணை இங்கே போடு. நிறுவுவதில் சிக்கல் வந்தால் எரர் மெசேஜை முழுதாக ஒட்டு, இந்த வாரம் ராத்திரியில் பார்த்துப் பதில் எழுதுகிறேன்.